கதிர் சுற்றுகிறது, நூல் ஏறவில்லை

கோவைப் பக்கத்து மில்களில் 'ஸ்நாப் ஸ்டடி' என்று ஒரு வழக்கம் உண்டு. கையில் அட்டையும் பென்சிலுமாக ஒருவர், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திர வரிசைகளுக்கு நடுவே நடந்துபோவார். ஒவ்வொரு ஃபிரேமையும் கடக்கும் கணத்தில் அது ஓடுகிறதா நிற்கிறதா, நின்றால் எதற்காக, ஓடினால் நூல் சுற்றிக்கொள்ளும் கதிர்களில் எத்தனையில் இழை அறுந்து கிடக்கிறது என்று கோடு போட்டுக்கொண்டே போவார். எந்த ஃபிரேமின் அருகிலும் நின்று பார்க்க மாட்டார். ஒரு சுற்று முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விட்டு, பிறகு இன்னொரு சுற்று வருவார். சில நாள்களின் கோடுகளைக் கூட்டினால், ஆலை தன் நேரத்தை எங்கே தொலைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்த முறையைக் கணக்கோடு எழுதிவைத்தவர் எல்.எச்.சி. டிப்பெட் என்ற புள்ளியியலாளர். மான்செஸ்டரில் ஷெர்லி இன்ஸ்டிட்யூட் என்ற பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர். ஒவ்வொரு தறிக்கும் ஸ்டாப் வாட்ச்சோடு ஓர் ஆளை நிறுத்துவது எந்த முதலாளிக்கும் கட்டுப்படியாகாது. நிறுத்தினாலும், பக்கத்தில் ஆள் நிற்கும் தறி வழக்கம்போல் ஓடாது. அவ்வப்போது ஒரு பார்வை பார்த்தால் போதும், பார்வைகளின் எண்ணிக்கை கூடக் கூட உண்மை நெருங்கி வரும் என்று அவர் 1935-இல் காட்டினார். 1927-இல் 41,600 இலக்கங்களுக்குச் சமவாய்ப்பு எண் அட்டவணை ஒன்றை வெளியிட்டவரும் இதே டிப்பெட்தான். 'எப்போது பார்ப்பது' என்ற முடிவைத் தன் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிந்த மனிதர்.

நான் மில்காரன் அல்லன். கோவையில் உட்கார்ந்து சி++ நிரல் எழுதுகிறவன். ஆனால் ஓடும் நிரலில் நேரம் எங்கே போகிறது என்று பார்க்க நான் அன்றாடம் எடுக்கும் கருவி டிப்பெட் செய்ததைத்தான் செய்கிறது. 2009-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு சேர்ந்துகொண்ட பெர்ஃப் என்ற அந்தக் கருவி, நொடிக்குச் சில பத்து அல்லது சில நூறு தடவை செயலியைத் தட்டி நிறுத்தி, 'இப்போது எந்தக் கட்டளையில் இருக்கிறாய், உன்னை அழைத்தது யார்' என்று கேட்டுக் கோடு போட்டுக்கொண்டு விலகிவிடும். ஆயிரம் கோடுகளில் இருநூறு ஒரே ஃபங்ஷனில், அதாவது நிரலின் பெயரிட்ட ஒரே பகுதியில், விழுந்தால், அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரத்தைத் தின்கிறது. பிழை வரம்பு இரண்டரை சதவிகிதப் புள்ளி அளவு. தறிக்கும் நிரலுக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். 18 சதவிகிதமா 22 சதவிகிதமா என்று சண்டை போட அது உதவாது. எங்கே கை வைப்பது என்று முடிவெடுக்க அதற்கு மேல் துல்லியம் தேவையும் இல்லை.

சிங்காநல்லூரில் ஒரு மில்லில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்ற என் மாமாவிடம் ஒருமுறை பெர்ஃபைப் பற்றி விளக்கினேன். முதலில் அவர் கேட்டது, "எத்தனை மணிக்குச் சுற்று வருகிறது?" என்பதுதான். நொடிக்கு 99 தடவை என்றேன். "நூறு என்று வைத்தால் என்ன?" என்றார். கணினிக்குள் எத்தனையோ வேலைகள் நூறின் தாளத்தில் எழுந்து படுக்கின்றன, நாமும் அதே தாளத்தில் போனால் எப்போதும் ஒரே காட்சியைப் பார்ப்போம் என்றேன். அவருக்குப் பிடித்துவிட்டது. "எங்களுக்கும் அதேதான் மாப்பிள்ளை. பத்து மணிச் சுற்று என்று தெரிந்துவிட்டால் பத்து மணிக்கு எல்லா ஃபிரேமும் ஓடும்."

இனி விஷயத்துக்கு வருகிறேன். திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டுக்கு நாங்கள் துணி சோதிக்கும் மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். செக்கிங் மெஷினில் துணி ரோல் பிரிந்து விளக்கின் மேல் ஓடும். மேலே வரிவரியாகப் படம் பிடிக்கும் கேமரா. ஒரு வரிக்கு 4096 புள்ளிகள், ஒரு புள்ளிக்கு ஒரு பைட். வரிகளை 1024 வரிகளாகக் கட்டி ஒரு படமாக்கி, அதில் ஓட்டை, எண்ணெய்க் கறை, நீடில் லைன் ஆகியவற்றை நிரல் தேட வேண்டும். மெஷினின் வேகத்தைக் கூட்டினால் நிரலால் ஈடுகொடுக்க முடியவில்லை, படங்கள் தவறின. நம்மூரில் இதற்கு முதல் மருந்து எப்போதும் ஒன்றுதான்: இன்னும் விலையுள்ள கம்ப்யூட்டர். உரிமையாளர் அதற்கும் தயாராக இருந்தார். எங்கள் அலுவலகத்திலும் கிராஃபிக்ஸ் கார்டு போடலாம் என்ற பேச்சு சூடாக ஓடியது. ஓட்டை கண்டுபிடிக்கும் வடிகட்டிதான் குற்றவாளி என்று அனைவரும் ஒரு மனதாகத் தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சுற்றியுள்ள புள்ளிகளையெல்லாம் பெருக்கிக் கூட்டும் பகுதி அது. நிரலில் கணக்கு அதிகமாகத் தெரிவது அங்கேதான்.

அளக்கும் முன், எழுதிய நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரிடம் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. வாடிக்கையாளரிடம் ஓடுவது ஓ2 அளவில் உகப்பாக்கிய, அதாவது வேகத்துக்காகக் கம்பைலர் மெருகேற்றிய, நிரல் என்றால் அதைத்தான் அளக்க வேண்டும். பிழை தேடுவதற்காக உகப்பாக்கம் இல்லாமல் கட்டிய நிரலை அளந்து வரும் முடிவு வேறொரு நிரலைப் பற்றியது. ஓ2-வுடன் ஜி தெரிவையும் சேர்த்தால் எந்தக் கட்டளை எந்த மூல வரியிலிருந்து வந்தது என்ற குறிப்புகள் கோப்பில் சேரும். கோப்புதான் பெருக்கும், ஓட்டம் குறையாது. ஒரு ஃபங்ஷனை அழைத்தது யார் என்ற தடத்தைக் காட்டும் ஃபிரேம் பாயின்டரை விட்டுவைக்கச் சொல்வது அடுத்தது. செயலிக்குள் இருக்கும் சொற்பச் சேமிப்பு இடங்களில் ஒன்றான ஒரு ரெஜிஸ்டரை மிச்சப்படுத்துவதற்காகக் கம்பைலர்கள் நெடுங்காலமாக அதைத் தூக்கி எறிந்துவந்தன; அது இல்லாவிட்டால் யார் யாரை அழைத்தார்கள் என்ற சங்கிலி எளிதில் கிடைக்காது. லினக்ஸ் வெளியீடுகளான ஃபெடோரா 2023-இல் 38ஆம் பதிப்பிலும், உபுன்டு 24.04 பதிப்பிலும் தங்கள் தொகுப்புகள் முழுவதையும் ஃபிரேம் பாயின்டரோடு கட்டத் தொடங்கினார்கள். சிறிது வேகத்தைக் கொடுத்துக் கண்ணை வாங்கியிருக்கிறார்கள். நல்ல வியாபாரம் என்பேன்.

அளந்தோம். ஓட்டை தேடும் வடிகட்டி ஓர் ஓரத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. பாதிக்கும் மேற்பட்ட கோடுகள் விழுந்தது நீடில் லைன் தேடும் ஃபங்ஷனில். அதில் பெருக்கல் இல்லை, வடிகட்டி இல்லை, வெறும் கூட்டல். ஊசி ஒன்று பழுதானால் பின்னல் துணியில் நீளவாக்கில் ஒரு கோடு விழும். அதைப் பிடிக்க, படத்தின் ஒவ்வொரு நெடுவரிசையையும் மேலிருந்து கீழாகக் கூட்டி, பக்கத்து நெடுவரிசையோடு ஒப்பிட்டால் போதும். கோடு மேலிருந்து கீழே ஓடுகிறது, ஆகவே நிரலும் மேலிருந்து கீழே ஓடியது. துணியை அறிந்த எவரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

நினைவகத்துக்குத் துணி தெரியாது. படம் அங்கே வரிவரியாக அடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு புள்ளியிலிருந்து நேர் கீழே இருக்கும் புள்ளிக்குப் போக 4096 பைட் தாண்ட வேண்டும். செயலி நினைவகத்திலிருந்து ஒரு பைட்டை மட்டும் எடுப்பதில்லை. 64 பைட் கொண்ட ஒரு துண்டாகத்தான், கேஷ் என்ற தன் சிறிய வேக நினைவகத்துக்குக் கொண்டுவரும். நாம் அதில் ஒன்றைக் கூட்டிவிட்டு மீதி 63-ஐ விட்டுவிட்டுக் கீழே தாவுகிறோம். அடுத்த நெடுவரிசைக்கு வரும்போது அந்த 63 உதவுமே என்று தோன்றும். உதவாது. அதற்குக் காரணம் அந்த 4096 என்ற எண்.

பல இன்டெல் செயலிகளில் முதல் நிலைத் தரவுக் கேஷ் 32 கிலோபைட். அது 64 அறைகளாகப் பிரிந்திருக்கும், அறைக்கு எட்டுத் துண்டுகள் தங்கலாம். எந்தத் துண்டு எந்த அறைக்குப் போகும் என்பதை முகவரியே முடிவு செய்யும். 64 அறைகள், துண்டுக்கு 64 பைட், பெருக்கினால் 4096. அதாவது 4096 பைட் தள்ளி இருக்கும் முகவரிகள் எல்லாம் ஒரே அறைக்குப் போகின்றன. நெடுவரிசையின் 1024 புள்ளிகளும் எட்டே இடங்களுக்கு முட்டி மோதுகின்றன, மற்ற 63 அறைகள் காலியாகக் கிடக்க. கீழே போய்ச் சேர்வதற்குள் மேலே எடுத்த துண்டுகளெல்லாம் வெளியேற்றப்பட்டிருக்கும். போதாக்குறைக்கு நினைவகப் பக்கத்தின் அளவும் 4096 பைட்தான். ஒவ்வொரு தாவலும் ஒரு புதிய பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் முகவரி மாற்றம். அடுத்து என்ன வேண்டும் என்று ஊகித்து முன்கூட்டியே எடுத்துவைக்கும் வன்பொருளும் பக்க எல்லையோடு நின்றுவிடும். கேமராவின் அகலம் 4000 புள்ளிகளாக இருந்திருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது. கணினியில் இரண்டின் அடுக்குகளாக வரும் அழகான எண்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம்தான்.

திருத்தம் சில வரிகளில் முடிந்தது. 4096 கூட்டுத்தொகைகளுக்கு ஒரு வரிசையை ஒதுக்கிக்கொண்டு, படத்தை வரிவரியாகவே படித்து, ஒவ்வொரு புள்ளியையும் அதற்குரிய தொகையில் சேர்ப்பது. 1024 புள்ளிகளின் தொகை இரண்டு பைட்டுக்குள் அடங்காது, ஆகவே தொகைக்கு நான்கு பைட். மொத்தம் 16 கிலோபைட். கேஷில் பாதி. மீதிப் பாதியில் படத்தின் வரிகள் தாராளமாக வந்து போகலாம். வரிசையாகப் போவதால் கம்பைலரும் பல புள்ளிகளை ஒரே கட்டளையில் கூட்டும் வெக்டார் கட்டளைகளைத் தானே இட்டுக்கொண்டது. கூட்டல்களின் எண்ணிக்கை முன்பு இருந்ததுதான், ஒன்றுகூடக் குறையவில்லை. ஃபங்ஷன் மட்டும் அறிக்கையின் முதல் பக்கத்திலிருந்தே காணாமல் போனது.

திருத்துவதற்கு முன்பு, கணினியின் சாதாரணக் கண்காணிப்புத் திரையில் செயலி நூறு சதவிகிதம் வேலை செய்வதாகத்தான் காட்டியது. மில்லில் இழை அறுந்த கதிரும் மற்றக் கதிர்களைப் போலவே சுற்றும். தூரத்திலிருந்து பார்த்தால் ஃபிரேம் ஓடுகிறது. கிட்டப் போனால்தான் அந்தக் கதிரில் நூல் ஏறவில்லை என்று தெரியும். நினைவகத்திலிருந்து தரவு வருவதற்காகக் காத்திருக்கும் செயலியையும் இயங்குதளம் 'வேலையில் இருக்கிறது' என்றே எழுதுகிறது. இதைப் பிரித்துக் காட்டுவது செயலிக்குள் இருக்கும் எண்ணிகள். பெர்ஃப் ஸ்டாட் கட்டளை செயலியின் ஒரு கடிகாரத் துடிப்புக்கு எத்தனை கட்டளைகள் முடிந்தன என்று சொல்லும். நான்கு கட்டளைகள் முடிக்கத் தகுதியுள்ள செயலி ஒன்றுகூட முடிக்காமல் இருந்தால் எங்கோ இழை அறுந்திருக்கிறது என்று பொருள். முதலில் இந்த எண்ணைப் பார்க்காமல் நிரலைத் திறந்து வரி வரியாக மெருகேற்றத் தொடங்குகிறவர்களை எனக்குப் புரிவதில்லை.

பெர்ஃபின் வரிவாரிக் காட்சியைப் படிப்பவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை: தட்டிய இடத்துக்கும் செயலி நின்ற இடத்துக்கும் ஓரிரு கட்டளைகள் இடைவெளி இருக்கலாம். ஏதோ ஓர் அப்பாவிக் கூட்டல் மேல் எல்லாக் கோடுகளும் விழுந்திருந்தால், அதற்குச் சற்று மேலே நினைவகத்தைத் தொடும் கட்டளை இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய கருவிகளைப் பற்றியும் கேட்பார்கள். 1982-இல் பெர்க்லியிலிருந்து வந்த ஜிபிராஃப் இன்றும் பாடத்திட்டங்களில் இருக்கிறது. அது நிரலைத் தனியாகக் கட்டச் சொல்லும், ஒவ்வொரு ஃபங்ஷன் நுழைவிலும் ஓர் எண்ணியைச் செருகும். சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் லட்சக்கணக்கில் அழைக்கப்படும் சி++ நிரலில் இந்தச் செருகலே பெரும் சுமையாகி, அளவையும் திரித்துவிடும். ஒரு ஃபங்ஷனின் நேரத்தை அழைத்தவர்களுக்கு அழைப்பு எண்ணிக்கைப்படி பங்கு போட்டுக் கொடுப்பது அதன் இன்னொரு குறை. ஒருவர் ஒரு கைக்குட்டையும் மற்றவர் ஒரு முழு ரோலும் சோதிக்கக் கொடுத்தாலும் இருவருக்கும் சம பாகம். வால்கிரிண்டின் துணைக் கருவியான கால்கிரிண்ட் வேறு வகை. நிரலைத் தன் சொந்தப் போலிச் செயலியில் ஓட்டிக் கட்டளைகளை ஒன்று விடாமல் எண்ணும். பல பத்து மடங்கு மெதுவாகும், கேமராவோடு சேர்த்து ஓட்டவே முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே எண் வரும் என்பதால், சேமித்து வைத்த படங்களில் ஒரு சின்ன மாற்றம் பலன் தந்ததா என்று பார்க்க நான் அதைத்தான் எடுப்பேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருத்திய நிரல் பிளெயின் துணியில் பறந்தது. கோடு போட்ட துணி வந்தால் மீண்டும் படங்கள் தவறின. வேடிக்கை என்னவென்றால், படம் தவறும் அந்த நேரத்தில் செயலியின் வேலை குறைந்திருந்தது. பெர்ஃப் அறிக்கையில் குறிப்பிடும்படியாக ஒன்றுமே இல்லை. இருக்கவும் முடியாது; ஓடும்போது மட்டும் பார்க்கும் கருவி, நிற்கும் நேரத்தை எப்படி எழுதும்? மில் அட்டையில் 'நிற்கிறது, காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்ப வேறு வழியில் போக வேண்டும்.

வழி மிகவும் எளியது. ஓடும் நிரலோடு ஜிடிபி பிழைதிருத்தியை இணைத்து, தோன்றிய நேரத்தில் நிறுத்தி, எல்லா த்ரெட்களின் (நிரலுக்குள் இணையாக ஓடும் கிளைகளின்) அழைப்பு அடுக்கையும், அதாவது யார் யாரை அழைத்தார்கள் என்ற சங்கிலியையும், அச்சிட்டுவிட்டு ஓடவிடுவது. மறுபடியும் நிறுத்துவது. கைவேலைதான், கருவி என்று சொல்லக்கூட வெட்கமாக இருக்கும். ஆனால் பாதி நேரத்தைத் தின்னும் ஒன்று சில பார்வைகளுக்குள் சிக்காமல் தப்பவே முடியாது. கேமரா த்ரெட் திரும்பத் திரும்ப, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் ஒரே பூட்டின் வாசலில் நின்றுகொண்டிருந்தது. பூட்டு இருந்தது பழுதுப் படங்களைச் சேமிக்கும் த்ரெட்டின் கையில். அதுவோ ஒவ்வொரு படத்தையும் வட்டில் உறுதியாக எழுதி முடித்ததாகப் பதில் வரும்வரை பூட்டை விடாமல் காத்திருந்தது. கோடு போட்ட துணியில் கோட்டின் விளிம்பையெல்லாம் பழுது என்று எடுத்துக்கொண்டதால் சேமிக்க வேண்டிய படங்கள் குவிந்தன. பூட்டுக்குள் வரிசையில் சேர்ப்பது மட்டும், எழுதுவது வெளியே என்று பிரித்ததும் தீர்ந்தது. கோட்டுத் துணியில் பொய்ப் பழுதைக் குறைப்பது தனி வேலை, அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊகத்தால் இந்த இரண்டில் ஒன்றைக்கூட யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உலகப் புகழ் பெற்ற நிரல்களிலும் இதே கதைதான். ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டு ஏறுவதற்கு ஆறு நிமிடம் எடுக்கிறது என்று வருடக்கணக்கில் புலம்பினார்கள். 2021-இல் மூல நிரல் கையில் இல்லாத வெளியாள் ஒருவர், கம்பைல் ஆன நிரலை மட்டும் வைத்துக்கொண்டு, அழைப்பு அடுக்குகளை அவ்வப்போது தட்டிப் பார்த்தே காரணத்தைக் கண்டார். 10 மெகாபைட் அளவுள்ள ஒரு பட்டியல் கோப்பு. எஸ்ஸ்கேன்எஃப் என்ற நூலக ஃபங்ஷன், ஒவ்வொரு சின்னச் சொல்லைப் படிக்கும்போதும் மிச்சக் கோப்பின் நீளம் முழுவதையும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. பிறகு விளையாட்டு நிரல் 63,000 உருப்படிகளில் ஒவ்வொன்றையும் முன்பு வந்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஏறத்தாழ 198 கோடி ஒப்பீடுகள். இரண்டையும் சரிசெய்ததும் காத்திருப்பு நேரம் சுமார் எழுபது சதவிகிதம் குறைந்தது. நிறுவனம் அவருக்குப் பத்தாயிரம் டாலர் கொடுத்தது. கணினி அறிவியலாளர் டொனால்டு கனூத் 1971-இலேயே ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து, பொதுவாக நிரலின் நான்கு சதவிகிதத்துக்கும் குறைவான பகுதியே பாதி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று எழுதிவிட்டார். அந்த நான்கு எது என்பதை மட்டும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கே வைத்துப் பார்ப்பது என்பதும் முக்கியம். எங்கள் அலுவலகத்தில் குளிர்சாதன அறை. திருப்பூரிலோ சித்திரை வெயிலில் தகரக் கூரை, விசிறி இல்லாத சின்னப் பெட்டிக்குள் கணினி, அதன் மேல் பஞ்சுத் தூசி. சூடு ஏறினால் செயலி தன் துடிப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். பெர்ஃப் ஸ்டாட் அறிக்கையில் கிகாஹெர்ட்ஸ் எண் ஒன்று மூலையில் இருக்கும். அது மதியம் இரண்டு மணிக்கு என்ன சொல்கிறது என்று அங்கே போய்ப் பார்த்த பிறகு, பெட்டியை மாற்றச் சொல்லிவிட்டோம். புதிய கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று நின்ற உரிமையாளருக்கு ஒரு பெட்டியும் விசிறியும் வாங்கியதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இரண்டு, மூன்று சதவிகித முன்னேற்றங்களை நான் கொண்டாடுவதில்லை. கோப்புகளை இணைக்கும் வரிசை மாறினாலோ, சூழல் மாறிகளின் நீளம் மாறினாலோகூட நிரலின் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவு ஆடும் என்று 2009-இலேயே மிட்கோவிச் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். நிரலில் கை வைக்காமலே வந்து போகும் ஆட்டம் அது.

இப்போது செக்கிங் மெஷின் ஓடும் வேகத்தைத் தீர்மானிப்பது நிரல் அன்று, துணி. அதற்கு மேல் வேகம் வைத்தால் பின்னல் துணி இழுபட்டு அகலம் குறைகிறது. அறிக்கையில் முதலிடத்துக்கு ஓட்டை தேடும் வடிகட்டியே வந்துவிட்டது. அதைத் தொடவில்லை, தொட்டு ஒரு லாபமும் இல்லை. அடுத்து பல்லடத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு இதே நிரலை ஏஆர்எம் என்ற வேறு வகைச் செயலி கொண்ட சிறிய பலகையில் ஓட்டிக் காட்ட வேண்டும். கேஷின் அறைகளும் எண்ணிகளும் அங்கே வேறு. கேமராவை மாட்டுவதற்கு முன் அந்தப் பலகையில் பெர்ஃப் எதையெல்லாம் எண்ணித் தருகிறது என்று பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.